நூற்றிருபது மெத்தை

நாற்பத்து மூன்று ரூபாய் ஆறணா. திண்டுக்கல் பேகம்பூரில் மெத்தைக்கடை வைத்திருந்த அக்பர் அலிக்குச் சோலைமலை கொடுக்க வேண்டிய பாக்கி அவ்வளவு. குடித்துத் தொலைத்த பணமில்லை. கல்யாணம் காட்சி என்று வாரி இறைத்த பணமும் இல்லை. காற்றில் போன பணம்.

மாசி மாதம் பாயிடம் அறுபது ரூபாய் முன்பணம் வாங்கி, சிறுமலை அடிவாரத்தில் பதினோரு இலவ மரங்களைக் காய்க்குப் பேசி முடித்திருந்தான் சோலைமலை. பங்குனி கடைசியில் போய், காய் பறிக்கிற பதத்துக்கு வர இன்னும் பத்து நாளாகும் என்று கண்ணால் அளந்துவிட்டு, அந்த இடைவெளியில் கூலிக்குக் கிணறு வெட்டப் போனான். சித்திரை பிறந்த நாலாம் நாள் மத்தியானம் அடித்த சூறைக்காற்றில் மரத்திலேயே காய்கள் வெடித்துவிட்டன. அவன் ஓடிப்போய்ப் பார்த்தபோது அடிவாரத்துக் கருவேல முள்ளெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டிக்கொண்டு நின்றது. முள்ளில் போனதை யார் பொறுக்க முடியும்? கீழே விழுந்து கிடந்த காய்களை அள்ளி இரண்டு சாக்கில் கட்டிக் கொண்டுவந்து போட்டான். பதினாறு ரூபாய் பத்தணாவுக்குத்தான் தேறியது.

அக்பர் அலி சத்தம் போடவில்லை. ஐம்பது தாண்டிய ஒல்லி மனுஷர். புருவத்திலும் தாடியிலும் பஞ்சுத் தூசி இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. முப்பது வருஷத்துப் பஞ்சு நெஞ்சுக்குள் போயிருந்ததால் நாலு வார்த்தைக்கு ஒரு தடவை இருமல் வரும்.

“காத்த நீயா கூப்புட்டு விட்ட? மெல்லக் குடு அப்பு. எங்க ஓடிப்போகப் போற?” என்றார். அதோடு சரி. அப்புறம் எங்கே கண்டாலும் பாக்கியைப் பற்றிப் பேசினதில்லை. அவர் கேட்காததுதான் சோலைமலைக்கு உறுத்தல். கேட்கிற கடன்காரனுக்கு ஏதாவது பதில் சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

அது ஐம்பத்தேழாம் வருஷம். சோலைமலைக்கு ஊர், திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை போகிற ரோட்டுக்கு மேற்கே நாற்பது வீட்டுக் குக்கிராமம். அங்கிருந்து ஒன்றரை மைல் நடந்தால் பொட்டலுக்கு நடுவே மில் முதலாளி ஒருவர் கட்டிய கல்லூரி. பையன்கள் தங்கிப் படிக்கிற விடுதியில் தண்ணீர் இறைப்பது, விறகு பிளப்பது என்று சோலைமலைக்குத் தினக்கூலி வேலை. கல்லூரி நடந்தால் கூலி, இல்லையென்றால் இல்லை. அங்கே படிக்கிற பையன்கள் கூலிக்காரர்களுக்குச் சாயங்காலத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். முப்பத்தெட்டு வயதில் அவன் தன் பேரை எழுதப் பழகினான். ‘லை’ மட்டும் நாலு மாதம் பிடித்தது.

ஆனி மாதம் பையன்கள் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, காய்ச்சல் வந்துவிட்டது. ஃப்ளூ காய்ச்சல் என்றார்கள். சென்னைக்குக் கப்பலில் வந்து இறங்கி, ரயிலேறித் திண்டுக்கல்லுக்கு வந்தது என்றார்கள். உலகம் பூராவும் அதே காய்ச்சல்தானாம். விடுதியில் எழுபது பேர் படுத்துவிட்டார்கள். தொப்பம்பட்டிப் பையன் ஒருவன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள் இறந்துபோனான். அன்றைக்கே கல்லூரியை மூடி, நடக்க முடிந்த பையன்களை எல்லாம் பஸ் ஏற்றி அனுப்பினார்கள்.

ஆகஸ்டு மாதம் ஐந்தாம் தேதி திங்கட்கிழமை மறுபடியும் திறப்பது என்று முடிவானது. சுகாதார ஆபீசர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்ததை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். சோலைமலை அதை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தான். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். சுவரெல்லாம் சுண்ணாம்பு. ஓர் அறைக்கு நாலு கட்டில் என்பது இனி இரண்டு; மிச்சக் கட்டிலுக்குக் கீற்றுக் கொட்டகை. கட்டிலுக்குக் கட்டில் ஆறடி. ஜன்னல் கதவுகள் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும். ஒருவன் தட்டிலும் தம்ளரிலும் இன்னொருவன் சாப்பிடக் கூடாது. நோயாளிகள் படுத்த மெத்தை என்று தனியாகப் பிரிக்க முடியாததால், நூற்றிருபது மெத்தையையும் பிரித்து, உறையைக் கொதிக்க வைத்து, பஞ்சை வெயிலில் போட்டு, புதிதாகத் தைக்க வேண்டும்.

மெத்தை வேலைக்கு அக்பர் அலியை அழைத்தார்கள். அவர் கைக்கு ஆளாகச் சோலைமலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“மெத்தைக்கு ஆறணா ஒனக்கு. நூத்தி இருவது மெத்த. எம்புட்டு ஆகுது சொல்லு?”

சோலைமலை விரல்விட்டு எண்ணினான். “நாப்பத்தஞ்சு ரூவா பாய்.”

“ஒம் பாக்கி?”

“நாப்பத்திமூணு ரூவா ஆறணா.”

“பாத்தியா, அல்லாவே கணக்குப்பிள்ளையா ஒக்காந்து போட்ட மாதிரி இருக்கு. பஞ்சால போனது பஞ்சாலயே திரும்புது. காலேஜில பில்லு பட்டுவாடா ஆனதும் கழிச்சுக்கிருவோம். மத்தியானச் சோறு அவுகளே போடுறாக.” இருமி நிறுத்திவிட்டு மறுபடி சொன்னார்: “ஆனா இந்தப் புதுக்காசு வந்து மண்டையப் பிச்சுக்கிட்டு இருக்கு. ஆறணாவுக்கு எத்தன நயா பைசா, சொல்லு பாப்பம். எழுத்துப் படிச்ச ஆளாச்சே.”

“நாலணாக்கு இருவத்தஞ்சு… ரெண்டணாக்குப் பன்னண்டர… முப்பத்தேழர.”

“அந்த அரப் பைசாவ எங்கடா போயி மாத்துறது? சர்க்காரு அரப் பைசா அடிச்சிருக்கானா? விடு. அந்த அரைய நான் ஒனக்கு ஹலாலாக்கிட்டேன்.”

“ஹலாலுன்னா கறிக்குல்ல சொல்லுவீக?”

“கறிக்கும் அதுதான், கடனுக்கும் அதுதான். மனசார விட்டுட்டேன்னு அர்த்தம். நாளைக்கு மறுமையில ஒன்னயப் புடிச்சு, ‘ஏலே, எங்கடா என் அரப் பைசா’ன்னு கேக்க மாட்டேன். போதுமா?”

பாத்திரம் விளக்குகிற ஒச்சம்மாள் அந்தப் பக்கம் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். “விடுறதுதான் விடுறீக, பாய், முழு ரூவாயா விடக்கூடாதா?” என்றாள்.

“விட்டா அப்புறம் கடையச் சாத்திட்டு நான் ஒங் கையாலதான் கஞ்சி வாங்கிக் குடிக்கணும். அந்தத் தண்டன எனக்கெதுக்கு?” என்றார் பாய். ஒச்சம்மாள் சிரித்த சிரிப்பில் தட்டு ஒன்று நழுவி உருண்டது.

ஆடி முதல் தேதி வேலை தொடங்கியது.

கல்லூரி வாசலில் கம்பவுண்டர் இருதயநாதன் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். தினமும் காலையில் ஒவ்வொருவர் கழுத்திலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். பிறகு ஒரு நோட்டை நகர்த்துவார். பக்கத்தின் தலைப்பில், ‘எனக்கோ என் வீட்டில் யாருக்குமோ சுரம் இல்லை’ என்று எழுதியிருக்கும். கீழே வரிசையாகக் கைநாட்டு. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் பத்து நாள் உள்ளே வரக் கூடாது. நல்ல ஏற்பாடுதான். முதல் நாள் ஒச்சம்மாள்தான் கேட்டாள்:

“காச்சல்னு சொல்லிட்டு வீட்ல கெடந்தா அந்தப் பத்து நாளுக்கும் கூலி உண்டாய்யா?”

“வேலை செய்யாத நாளுக்கு எப்படிம்மா கூலி?”

“அப்ப எவய்யா சொல்லுவா?” என்று பெருவிரலை மையில் தேய்த்து வைத்துவிட்டுப் போனாள்.

சோலைமலை கைநாட்டு வைக்கவில்லை. பேனாவை வாங்கித் தன் பேரை முழுசாக எழுதினான். கம்பவுண்டர் நிமிர்ந்து பார்த்து, “பரவாயில்லையே” என்றார். அன்றைக்குப் பூராவும் அவனுக்கு அந்த ஒரு வார்த்தை வெல்லமாக இருந்தது.

கல்லூரி முழுக்கச் சுண்ணாம்பு வாடையும் பினாயில் வாடையும். சமையல்கட்டுக்குப் பின்னால் சோறு பொங்குகிற அண்டா மூன்றில் சோடா உப்புப் போட்டு மெத்தை உறைகளைக் கொதிக்க வைத்தார்கள். ஒச்சம்மாள் தட்டு தம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்து ஊதா மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்ததில் அவள் கை முழங்கை வரைக்கும் கத்திரிக்காய் நிறமாகிவிட்டது. தொப்பம்பட்டிப் பையன் படுத்திருந்த மெத்தை எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லா மெத்தையும் அவன் மெத்தையாகவே தோன்றியது.

இலவம் பஞ்சு வேலைக்குக் காற்று ஆகாது. மூச்சு விட்டாலே எழுந்து பறக்கிற சாமான் அது. ஆடிக்காற்றோ, பழனி மலைப்பக்கமிருந்து புறப்பட்டால் திண்டுக்கல் பொட்டலில் தடுக்க ஒரு மரம் கிடையாது. கூரை ஓட்டைத் தூக்கும், தலைச் சும்மாட்டைத் தூக்கும். முதல் நாள் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் பஞ்சைக் கொட்டினார்கள். கால் மணி நேரத்தில் இரண்டு மெத்தைப் பஞ்சு மைதானத்தில் போய்க்கொண்டிருந்தது. சித்திரை மாதம் ஞாபகம் வர, சோலைமலை ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்தினான். வலைபோலச் சேலையைக் கட்டி அதற்குள்ளேதான் பஞ்சை வெயில் காட்ட முடிந்தது. குச்சியால் அடித்து உதிர்க்கிற வேலையும் அடைக்கிற வேலையும் உள்ளேதான், அதுவும் கதவடைத்துத்தான்.

இருதயநாதன் வந்து பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டார். “ஜன்னலைச் சாத்தக் கூடாதுன்னு போர்டுல ஒட்டியிருக்குல்ல?”

“தொறந்து வச்சா மெத்த வடமதுரையில போயித்தான் நிக்கும், அய்யா” என்றார் அக்பர் அலி. “பையங்க அங்கன போயிப் படுத்துக்கிருவாகளா?”

கம்பவுண்டருக்கு மூக்கில் பஞ்சு ஏறியது. ஒரு தும்மல் போட்டார். “மூக்கில் துணி கட்டிக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். துணி கட்டினால் பாய்க்கு மூச்சு முட்டும். கட்டினதை அரை மணியில் கழுத்துக்கு இறக்கிவிடுவார்.

சாத்திய அறைக்குள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்தார்கள். உறையின் வாயை ஒருவன் பிடிக்க, ஒருவர் திணிப்பார். பிறகு பெரிய ஊசியை இந்தப் பக்கத்திலிருந்து அவர் குத்த, அந்தப் பக்கம் இவன் வாங்கித் திருப்பிக் கொடுப்பான். முகத்துக்கு முகம் இரண்டடி. வெயில் ஓட்டுச் சந்தில் கோடாக இறங்கும். அந்தக் கோட்டில் பஞ்சுத் தூசி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டு பேரும் இருமுவார்கள். பாய் தன் சம்சாரத்தைப் பற்றிச் சொல்லுவார், தம்பி அப்துல் சுக்கூரின் மிதிவண்டிக் கடை பற்றிச் சொல்லுவார். நாளொன்றுக்கு ஆறு மெத்தை, ஏழு மெத்தை ஆனது.

ஏழாம் நாள் காலையில் சோலைமலையின் பெண்சாதி கண்ணம்மாள் எழுந்திருக்கவில்லை.

நிலக்கடலைக் காட்டில் களை வெட்டிவிட்டு முந்தின நாள் வந்தவள், கேப்பைக் களியைக் கிண்டி வைத்துவிட்டு, ‘ஒடம்பு அசதியா இருக்கு’ என்று படுத்திருந்தாள். விடிந்து தொட்டுப் பார்த்தால் அடுப்புக்கல் மாதிரி சுட்டது. கண் சிவந்து, முதுகு எலும்பை யாரோ முறுக்குவது மாதிரி இருக்கிறது என்றாள்.

சோலைமலை சுக்கைத் தட்டிக் கஷாயம் வைத்தான். நொச்சித் தழையை ஒடித்துவந்து கொதிக்க வைத்து ஆவி பிடிக்க வைத்தான். எல்லாம் முடிந்தபிறகும் வாசலில் நின்றுகொண்டே இருந்தான்.

“ஏய்யா, வேலைக்குப் போகலையா?” என்றாள் கண்ணம்மாள்.

“எப்படிப் போறது? வாசல்ல கேப்பாக.”

“என்னன்னு?”

“வீட்ல யாருக்கும் காச்சலான்னு.”

அவள் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள். “சொன்னா?”

“பத்து நாளு உள்ள விடமாட்டாக. அதுக்குள்ள பாய் வேற ஆளப் போட்டுக்கிருவாரு. மெத்தையும் முடிஞ்சிரும். பாக்கி அப்படியே நிக்கும். காலேஜு தெறக்கையில யாரு அங்கன நிக்கிறானோ அவனத்தான் வேலைக்கு வச்சுக்கிருவாக.”

“எனக்கு வந்தது அந்தக் காச்சல்னு யாரு சொன்னா? வெயில்ல நின்னேன், காய்து. போயிட்டு வாய்யா. தண்ணிய மட்டும் கைக்கெட்ட வச்சிட்டுப் போ.”

வெயில் காய்ச்சல்தான் என்று நடந்துபோகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டான். அவனே நம்பினான் என்று சொல்ல முடியாது. மேஜையில் இருதயநாதன் அவன் கழுத்தில் கைவைத்தார். குளிர்ந்திருந்தது. நோட்டை நகர்த்தினார்.

கைநாட்டு வைக்கிறவர்களுக்குத் தலைப்பில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாது. மையில் விரலைத் தேய்த்து வைத்துவிட்டுப் போவார்கள். சோலைமலைக்கு வாசிக்கத் தெரியும். அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் அந்த வரி தெரிந்தது. அதற்குக் கீழே தன் பேரை எழுதினான். ‘லை’ கோணிப்போனது.

ஆறு நாள் அப்படி எழுதினான்.

நாலாவது நாளே அவனுக்கும் இருமல் வந்தது. உடம்பு பெரிதாகச் சுடவில்லை. கால் மூட்டில் வலியும் நெஞ்சில் ஒரு கரகரப்பும்தான். மறுநாள் காலை மேஜைக்கு முன்னால் நிற்கும்போது அடக்கி அடக்கிப் பார்த்தும் இருமிவிட்டான். இருதயநாதன் பேனாவைக் கீழே வைத்தார்.

“என்னப்பா இது?”

அவன் வாய் திறப்பதற்குள் பின்னால் மிதிவண்டியை நிறுத்திக்கொண்டிருந்த அக்பர் அலி சொன்னார். “அது பஞ்சு இருமலுங்க அய்யா. பத்து நாளாச்சுல்ல, இனிமே அவனும் எங்க ஜாதி. நான் முப்பது வருசமா இருமுறேன், என்னய என்ன செய்யப் போறீக?”

“பாய், நீங்க சொல்றீங்கன்னு விடுறேன்.”

“நான் ஜவாப்பு. ஏதும்னா என்னயக் கேளுங்க” என்றார் பாய்.

அறைக்குள் போனதும் கதவைச் சாத்திவிட்டு, இடுப்பு மடிப்பிலிருந்து துணி சுற்றின ஒரு சீசாவை எடுத்தார். “நேத்து வீட்ல, ‘சோல இருமுறான்’னேன். ஒங்க அக்கா சுக்கும் மிளகும் கருப்பட்டியும் போட்டுக் காச்சிக் குடுத்துருக்கா. குடி. ஆறிப்போயிரும்.”

பாயின் சம்சாரம் ஜெய்தூன் பீவியைச் சோலைமலை கடையில் இரண்டு தடவை பார்த்திருக்கிறான். அக்கா என்று கூப்பிடுவான்.

“நீங்க குடிங்க பாய்.”

“எனக்கும் சேத்துத்தான்டா” என்று சீசாவின் தகர மூடியில் ஊற்றிக் கொடுத்தார். அவன் குடித்துவிட்டுக் கொடுத்த அதே மூடியில் ஊற்றித் தானும் குடித்தார். சோலைமலை அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ‘பாய், வேண்டாம்’ என்று ஒரு சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் அடுத்த சொல்லையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு எழுபதாவது மெத்தை நடந்துகொண்டிருந்தது. இன்னும் ஐம்பதுதான். ஊசியை எடுத்துக் குத்தினான்.

பதிமூன்றாம் நாள் கண்ணம்மாள் எழுந்து உட்கார்ந்து கம்பங்கூழ் குடித்தாள். மோர்மிளகாய் வெஞ்சனம் கேட்டாள். அன்றைக்கு அக்பர் அலி வரவில்லை.

அப்துல் சுக்கூர் மிதிவண்டியில் வந்து, அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று விடுதி வார்டனிடம் சொல்லிவிட்டுப் போனார். அறையில் பஞ்சு மலையாகக் குவிந்திருந்தது. முடிந்தது எண்பத்து நாலு. நிற்பது முப்பத்தாறு. கம்பவுண்டர் வாசலில் சோலைமலையை நிறுத்தி, “பாய்கூடவே இருந்த ஆளு. உன்னையும் வீட்டுக்கு அனுப்பணும்” என்றார். வார்டன் வெளியே வந்தார். திங்கட்கிழமை பையன்கள் வருகிறார்கள், இவனையும் அனுப்பினால் மெத்தையை யார் முடிப்பது என்று கேட்டார். இரண்டு பேரும் தள்ளிப் போய் நின்று பேசினார்கள். பிறகு சோலைமலையின் மூக்கில் இரண்டு மடிப்பு மருந்துத்துணியைக் கட்டி உள்ளே விட்டார்கள்.

தனியாக உட்கார்ந்து தைப்பது கஷ்டம். இந்தப் பக்கம் குத்தி, எழுந்துபோய் அந்தப் பக்கம் வாங்க வேண்டும். ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும் எதிர்ப்பக்கத்தில் ஆள் இல்லாதது தெரிந்தது. ராத்திரியும் விளக்கு வைத்துக்கொண்டு தைத்தான். ஒச்சம்மாள் வேலை முடிந்து வந்து உறையின் வாயைப் பிடித்துக்கொடுத்தாள்.

“பாய்க்கு எப்படி இருக்காம்?” என்றாள்.

“தெரியல.”

“கெட்டி உசுரு. அது பாட்டுக்கு இருமிக்கிட்டே எந்திரிச்சு வந்துரும், பாரு.”

வெள்ளிக்கிழமை நூற்றுப் பதினாறு முடிந்திருந்தபோது சேதி வந்தது. பஞ்சு குடித்த நெஞ்சு, காய்ச்சலைத் தாங்கவில்லை. நாலு நாள்தான் கிடந்தாராம். கடைசி நாள் மூச்சு விடுவது தெருவுக்குக் கேட்டதாம்.

சோலைமலை ஊசியைப் பஞ்சில் குத்தி வைத்துவிட்டு ரோட்டுக்கு ஓடினான். பஸ் கிடைக்காமல் பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் லாரியிலும் பேகம்பூர் போய்ச் சேர்ந்தான். பள்ளிவாசல் முற்றத்தில் பாயின் மையத்தை வெள்ளைத் துணி சுற்றி வைத்திருந்தார்கள். அவன் வெளி மதிலோரம் செருப்பில்லாமல் நின்றான். தொழுகைக்கு முன்னால் அப்துல் சுக்கூர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது மதிலுக்கு வெளியே கேட்டது.

“எங்க அண்ணன் யாருக்காச்சும் கடன் பட்டிருந்தா எங்கிட்ட வந்து வாங்கிக்கங்க. அவருக்கு யாரும் தர வேண்டியிருந்தா, அத நாங்க ஹலாலாக்கிட்டோம். அவரு மனசு நோக யாரும் ஏதும் செஞ்சிருந்தா அதையும் அவரு மன்னிச்சிருப்பாரு. நீங்களும் அவர மன்னிச்சிருங்க.”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. சோலைமலை மதில் கல்லைப் பிடித்துக்கொண்டான். நாற்பத்து மூன்று ரூபாய் ஆறணா அந்த நிமிஷத்தில் இல்லாமல் போயிற்று. தோளில் இருந்தது இறங்கவில்லை.

மறுநாள் திரும்பிவந்து மிச்சம் நாலு மெத்தையையும் தைத்தான்.

திங்கட்கிழமை மணி அடித்தார்கள். பையன்கள் பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்கினார்கள். வாசலில் உப்புத் தண்ணீர் கொடுத்து வாய் கொப்பளிக்க வைத்தார்கள். கழுத்தில் கைவைத்துப் பார்த்தார்கள். சுண்ணாம்பு மணக்கிற அறைக்குள் போனதும் ஒரு பையன் மெத்தையில் விழுந்து புரண்டு, “டேய், தலைதீபாவளி மெத்தடா!” என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மாதம் போயிற்று. விடுதியில் ஒருவனுக்கும் காய்ச்சல் வரவில்லை. ஏற்பாடு நன்றாக இருந்தது என்று சுகாதார ஆபீசர் எழுதிக் கொடுத்தாராம். சோலைமலையை மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

ஆவணி கடைசியில் கல்லூரி பில் பட்டுவாடா ஆனது. அப்துல் சுக்கூர் மிதிவண்டியில் வந்து, சோலைமலையின் கூலி நாற்பத்தைந்து ரூபாயை எண்ணிக் கையில் வைத்தார்.

“இதுல பாக்கி கழியணும்ணே” என்றான் சோலைமலை.

“அதான் பள்ளிவாசல்ல சொல்லியாச்சுல்ல. போயி அரிசி வாங்கு.”

ஒன்பது நாள் அந்தப் பணம் சோலைமலை வீட்டில் பானைக்குள் கிடந்தது. கண்ணம்மாள் அதைத் தொடவில்லை, அவனும் தொடவில்லை. அவள்தான் கடைசியில் பேச்சை எடுத்தாள்.

“டவுன் பூராவும் காச்சல். கடைக்கு நாலு சனம் வந்துபோற மனுசன். ஒன்னாலதான்னு எப்படிச் சொல்லுவ?”

“என்னால இல்லைன்னும் சொல்ல முடியலையே.”

“நாந்தான போன்னு சொன்னேன்? அப்ப என்னையும் சேத்துச் சொல்லு.”

“நீ கையெழுத்துப் போடல.”

மறுநாள் அவள் பானையைக் கவிழ்த்துப் பணத்தை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தாள். “போயிட்டு வாய்யா. இது இங்க கெடந்தா எனக்குச் சோறு எறங்கல.”

மெத்தைக்கடை சாத்தியிருந்தது. பக்கத்துச் சந்தில் வீடு. ஜெய்தூன் பீவி இத்தா இருந்தாள். புருஷன் மௌத்தாகி நாலு மாதம் பத்து நாள் அன்னிய ஆண் முகம் பார்க்கக் கூடாது. நடைக்கும் உள்கட்டுக்கும் நடுவே ஒரு பழைய மெத்தை உறையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். நீலக் கோடு போட்ட கெட்டித் துணி. அவர் வெட்டித் தைத்ததாகத்தான் இருக்கும். சோலைமலை நடையில் குத்தவைத்து உட்கார்ந்தான்.

“யாரு, சோலையா?” என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “கொழுந்தன் காசு குடுத்தாரா?”

“குடுத்தாருக்கா. அதத்தான் கொண்டாந்திருக்கேன். பாய் பாக்கி.”

“அத விட்டாச்சு தம்பி. நானும் மனசாரத்தான் விட்டேன். அவுக இருந்தாலும் அதான் செஞ்சிருப்பாக. ‘பாவம், காத்துல போச்சு அவன் காசு’ன்னு எத்தன தடவ சொல்லியிருப்பாக. எடுத்துட்டுப் போ. ஒம் பொஞ்சாதிக்குச் சீலையெடு.”

“இல்லக்கா. எடுத்துக்கங்க.”

“ஏன்?”

காற்று சந்துக்குள் புகுந்து திரையை லேசாக அசைத்தது. சோலைமலை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். கண்ணம்மாளின் காய்ச்சலைச் சொன்னான். நோட்டைச் சொன்னான். ‘நான் ஜவாப்பு’ என்று பாய் சொன்னதைச் சொன்னான். சொல்லி முடித்து, மஞ்சள் முடிச்சை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தான்.

“எத்தன நாளு?” என்றது குரல்.

“ஆறு நாளுக்கா.”

“ஆறு நாளும் காச்சல் இல்லைன்னு எழுதினியா?”

“எழுதினேன்.”

“நான் சுக்குத்தண்ணி காச்சிக் குடுத்துவிட்டது அப்பத்தானா?”

“ஆமாக்கா.”

“அவுகளும் குடிச்சாகளா அதுல?”

“குடிச்சாரு. ஒரே மூடியில.”

தெருவில் வளையல்காரன் ஒருவன் கூவிக்கொண்டு போய், சந்து திரும்பி, குரல் தேய்ந்து போனான்.

“எம் பொஞ்சாதிக்குக் காச்சல்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவுக ஒன்னய வீட்ல ஒக்கார வச்சே அந்த ஆறணாவப் போட்டுக் குடுத்துருப்பாகளே, சோல. ஒனக்கு அவுகளத் தெரியாதா?”

சோலைமலை வாயில் துண்டைப் பொத்திக்கொண்டான்.

“பணத்த இப்படித் தள்ளு.”

மஞ்சள் முடிச்சைத் திரைக்கடியில் தள்ளினான். வளையலில்லாத கை ஒன்று அதை இழுத்துக்கொண்டது. எண்ணுகிற சத்தம் கேட்டது.

“முந்தி நான் விட்டது, காத்துல காசத் தொலச்ச ஆளுக்கு” என்றாள் ஜெய்தூன் பீவி. குரல் உயரவில்லை. “இப்ப வந்துருக்கிற ஆளுக்கிட்ட வாங்கிக்கிறேன். இது நாப்பத்தஞ்சு. பாக்கி நாப்பத்திமூணு ரூவா ஆறணா. மிச்சம் ஒன்னோடது.”

திரைக்கடியில் ஒரு ரூபாய் வந்தது. பிறகு பழைய எட்டணா ஒன்று. பிறகு புதுக்காசில் பத்துப் பைசா, இரண்டு பைசா, ஒரு பைசா. ஒவ்வொன்றாகத் தள்ளினாள். அவன் பொறுக்கிக்கொண்டான்.

“சரியாப் போச்சா?”

“சரியாப் போச்சுக்கா.”

“சரியாப் போகல. ஒம் பேர்ல அரப் பைசா நிக்கிது.” அந்த இடத்தில்தான் அவள் குரல் உடைந்தது. “வேல புடிச்ச அன்னிக்கு வந்து சிரிச்சுக்கிட்டே சொன்னாக, சோலைக்கு அரப் பைசா ஹலாலாக்கிட்டேன்னு. அது அவுக வாயால விட்டது. அத நான் திருப்பிக் கேக்க முடியாது. அது மட்டும் ஒன்னோட இருக்கட்டும். மத்தது தீந்துச்சு. போ தம்பி.”

சோலைமலை எழுந்து, ஒரு ரூபாய் அறுபத்து மூன்று பைசாவைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, வெயிலுக்குள் இறங்கி நடந்தான்.